குதிரைக்குப் பக்கத்தில் ஒரு காது

ஆடி மாதம். ஓமலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் மாரியம்மன் பண்டிகை என்று வைத்துக்கொள்வோம். மெல்லிசைக் குழு மேடையேறிவிட்டது. தெருவெங்கும் சீரியல் லைட், பந்தலுக்குப் பின்னால் ஜெனரேட்டர், அதற்கும் அப்பால் பண்டிகை நாளிலும் நிற்காத ஒரு விசைத்தறிக் கொட்டகை. பாட்டு இன்னும் தொடங்கவில்லை. ஆனால் ஸ்பீக்கரில் ஏதோ ஒன்று விடாமல் உறுமிக்கொண்டிருக்கிறது.

“அண்ணா, கிட்டார் லைன்ல ஹம் வருதுங்க” என்கிறார் சவுண்ட் சர்வீஸ் தம்பி.

கிட்டார்க்காரர் கம்பிகளின்மேல் உள்ளங்கையை வைக்கிறார். இரைச்சலில் பாதி அடங்குகிறது. கையை எடுத்ததும் திரும்ப வருகிறது. கையை வைத்தபடியே ஜெனரேட்டருக்கு முதுகு காட்டிக் கால் வட்டம் திரும்புகிறார். மீதி இரைச்சலும் குறைகிறது. இத்தனை நேரம் அவர் செய்தது அலுப்பில் செய்த அசைவுதான். ஆனால் தன் கருவிக்கு என்ன நோய் என்பதை அந்த இரண்டு அசைவுகளிலேயே அவர் பாதி கண்டுபிடித்துவிட்டார். அது அவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். பாட்டுக்கு நடுவில் வரும் தனி வாசிப்பு மெலிந்து கீச்சென்று ஒலிக்கிறது, சும்மா நின்றால் உறுமுகிறது. கம்பியின் அதிர்வை வாங்கும் பிரிட்ஜ் பிக்கப்பை மாற்றிவிட வேண்டியதுதான்.

மாற்றலாம். எதை வாங்குவது என்பதில்தான் சிக்கல். கடைப்பெட்டிகளில் இத்தனை கிலோ ஓம், ஆல்னிகோ, செராமிக், ‘ஹாட்’, ‘வின்டேஜ்’ என்று என்னென்னவோ அச்சிட்டிருக்கிறது. அவற்றில் எது காதுக்குக் கேட்கும், எது கேட்காது என்று பிரித்துப் பார்க்க, கிட்டார் கடையைவிட மோட்டார் காயில் கட்டும் கடைக்குப் போவதே நல்லது.

சேலம், நாமக்கல் வட்டாரத்தில் கிணறு இருக்கும் ஊரிலெல்லாம் அப்படி ஒரு கடை இருக்கும். எரிந்துபோன சப்மெர்சிபிள் மோட்டாரிலிருந்து கருகிய செப்புக் கம்பியை உருவி எறிந்துவிட்டு, எனாமல் பூசிய புதுக் கம்பியைக் கேஜ் பார்த்து, சுற்றை எண்ணி, வார்னிஷ் ஊற்றிக் கொடுப்பார்கள். கிட்டார் பிக்கப்பும் அதே சரக்குதான்: ஒரு காந்தம், அதைச் சுற்றி எனாமல் செப்புக் கம்பி. வித்தியாசம் கம்பியின் பருமனில். பிக்கப்பில் பெரும்பாலும் சுற்றும் 42 கேஜ் கம்பியின் குறுக்களவு 0.063 மில்லிமீட்டர்தான். தலைமுடிப் பருமன். மோட்டாருக்குக் கம்பி சுற்றிப் பழகிய கை இதைத் தொட்டால் அறுந்துவிடும். ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகை பிக்கப் ஒன்றில் அப்படி 8,000 சுற்று அளவுக்கு ஏறுகிறது. அதன் மின்தடை 6,000 ஓம் என்றால், கணக்குப் போட்டுப் பார்த்தால், விரல் நீளம்கூட இல்லாத அந்தப் பொருளுக்குள் சுமார் 1,100 மீட்டர் செப்புக் கம்பி சுருண்டு கிடக்கிறது.

இது வேலை செய்யும் விதமும் புதிதல்ல. சுருளுக்குள் காந்தப்புலம் மாறினால் அதில் மின்னோட்டம் பிறக்கும் என்று மைக்கேல் ஃபாரடே காட்டியது 1831இல். கிட்டாரின் எஃகுக் கம்பியைப் பிக்கப்பின் காந்தம் தன் அளவில் இன்னொரு சிறு காந்தமாக்கிவிடுகிறது. அந்தக் கம்பி அதிரும்போது சுருளுக்குள் இருக்கும் புலமும் கூடிக் குறைகிறது. மீதியை ஃபாரடே பார்த்துக்கொள்கிறார். இதைக் கிட்டாரில் வெற்றிகரமாகப் பொருத்தியவர் அமெரிக்காவின் ஜார்ஜ் பூஷாம்ப். அடால்ஃப் ரிக்கன்பேக்கருடன் சேர்ந்து 1930களின் தொடக்கத்தில் அவர் கொண்டுவந்த அலுமினியக் கிட்டார், பார்ப்பதற்கு வாணலிபோல் இருந்ததால் ‘ஃப்ரையிங் பேன்’ என்றே பெயர் பெற்றது. குதிரைலாட வடிவில் இரண்டு காந்தங்கள் அதன் கம்பிகளை வளைத்து நின்றன. காப்புரிமை கிடைத்தது 1937இல்.

ஆக, பிக்கப் கேட்பது காற்றில் வரும் ஒலியை அல்ல. இரும்பு எங்கே அசைகிறது என்பதை மட்டும்தான். பித்தளைக் கம்பி மாட்டினால் அதற்குக் கிட்டத்தட்ட காதே கிடையாது.

வீணைக்காரர்கள் கம்பியைத் தாங்கும் பாலத்தைக் குதிரை என்பார்கள். கிட்டார்க்காரர்கள் பிரிட்ஜ் என்கிறார்கள். பிரிட்ஜ் பிக்கப் என்பது குதிரைக்குப் பக்கத்தில் வைத்த காது. அந்த இடத்தின் குணம் தெரியாமல் அங்கே எதை வாங்கிப் பொருத்தினாலும் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

ஸ்ட்ராட்டோகாஸ்டரில் கம்பியின் அதிரும் நீளம் 648 மில்லிமீட்டர். கழுத்தோரப் பிக்கப் குதிரையிலிருந்து ஏறத்தாழ 162 மில்லிமீட்டரில், அதாவது நீளத்தின் கால் பங்கில் இருக்கிறது. பிரிட்ஜ் பிக்கப் இருப்பது 40 மில்லிமீட்டரில். கம்பி முழு நீளத்துக்கும் ஒரே வில்லாக வளைந்து அதிரும்போது, அதுதான் அடிச்சுரம், நடுவில் அதன் வீச்சு 100 என்றால் கழுத்தோரப் பிக்கப்புக்கு மேலே 71, பிரிட்ஜ் பிக்கப்புக்கு மேலே வெறும் 19. அதே கம்பி அதே நேரத்தில் நான்கு துண்டாகப் பிரிந்தும் அதிர்கிறது. அந்த மேற்சுரத்துக்குக் கழுத்தோரப் பிக்கப் இருக்கும் புள்ளி அசைவே இல்லாத கணு. அங்கே அது பூஜ்யம். பிரிட்ஜ் பிக்கப்புக்கோ அதே மேற்சுரம் 70.

கீச்சென்று ஒலிப்பதன் ரகசியம் இதுதான். பிரிட்ஜ் பிக்கப்புக்கு அடிச்சுரம் கொஞ்சமாகவும் மேற்சுரங்கள் தாராளமாகவும் வந்து சேர்கின்றன. அது பழுதல்ல, அந்த இடத்தின் இயல்பு. தாளக் கருவிகளின் நெரிசலைக் கிழித்துக்கொண்டு தனி வாசிப்பு வெளியே கேட்பதற்கு அந்தக் கூர்மைதான் உதவுகிறது. ஆனால் ஒலியின் மொத்த அளவு குறைவு. கழுத்தோரமும் பிரிட்ஜிலும் ஒரே மாதிரிச் சுருள் வைத்தால் ஸ்விட்சை மாற்றியதும் சத்தம் படுத்துவிடும். அதனால்தான் பல பிரிட்ஜ் பிக்கப்புகளுக்குச் சில நூறு சுற்று கூடுதலாகச் சுற்றுகிறார்கள். மாற்றுப் பிக்கப் என்ற தனி வியாபாரமே இந்த ஆசையில்தான் சூடு பிடித்தது. லாரி டிமார்ஜியோ 1970களின் தொடக்கத்தில் விற்க ஆரம்பித்த ‘சூப்பர் டிஸ்டார்ஷன்’ அந்த வகையின் முன்னோடி. பெயரிலேயே நோக்கம் தெரிகிறது. செமோர் டங்கனின் நிறுவனம் 1976இல் கலிஃபோர்னியாவில் தொடங்கியது. இவர்களுக்கெல்லாம் முன் பெரும்பாலும் பழைய கிட்டாரிலிருந்து பிடுங்கிப் பொருத்துவதுதான் வழி.

கூடுதல் சுற்று, கூடுதல் ஓம், கூடுதல் சத்தம். கடையில் நடக்கும் பேச்சு இவ்வளவுதான். “இது எட்டு கே, அது பதினாறு கே. பதினாறுதான் பவர்.” பாதி உண்மை என்பதால்தான் இந்த ஏமாற்று இவ்வளவு காலம் ஓடுகிறது.

ஓம் என்பது கம்பியின் நீளத்தையும் பருமனையும் பொறுத்தது. அதே சுற்றை இன்னும் மெல்லிய 43 கேஜ் கம்பியில் சுற்றினால் ஓம் ஏறிவிடும், சத்தம் ஏறாது. ஓமலூர் வெயிலில்கூட ஏறும். செம்பின் மின்தடை ஒரு டிகிரிக்கு 0.39 சதவீதம் கூடுகிறது. ஏசி போட்ட கடையில் 20 டிகிரியில் 8.0 கிலோ ஓம் காட்டிய பிக்கப், சித்திரை மத்தியானம் 40 டிகிரியில் 8.6 காட்டும். பவர் கூடிவிட்டதா? அதே பிக்கப்தான்.

உண்மையில் கேட்க வேண்டிய எண் வேறு. ஹென்றியில் அளக்கும் மின்தூண்டல். சுருள் என்பது மாறும் மின்னோட்டத்தை முறைத்து நிற்கும் பொருள். மாற்றம் வேகமாக இருந்தால் முறைப்பும் அதிகம். ஸ்ட்ராட் வகைப் பிக்கப் சுமார் 2.4 ஹென்றி. கிப்சன் பாணி இரட்டைச் சுருள் 4.4 ஹென்றியைத் தொட்டு நிற்கும். ‘ஹாட்’ ரகம் 8 ஹென்றி வரை போகும். மல்டிமீட்டரில் 8 கிலோ ஓம் காட்டும் அந்த 4.4 ஹென்றிப் பிக்கப், 3,000 ஹெர்ட்ஸ் சுரம் வரும்போது 80 கிலோ ஓமுக்கும் மேலே மறித்து நிற்கிறது. மல்டிமீட்டர் பார்ப்பது தூங்கும் பிக்கப்பை. பாட்டு நடக்கும்போது அது வேறு ஆள்.

பழைய ரேடியோவில் திருச்சி நிலையத்தைப் பிடிக்கக் குமிழைத் திருப்பியது நினைவிருக்கலாம். உள்ளே ஒரு சுருளும் ஒரு மின்தேக்கியும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்கு மட்டும் குதித்து எழுந்தன. கிட்டாரிலும் அதேதான் நடக்கிறது, மின்தேக்கி இருப்பது மட்டும் பலருக்குத் தெரியாது. அது கிட்டாரிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்குப் போகும் வயர். சாதாரணக் கிட்டார் கேபிள் மீட்டருக்கு 100 பிக்கோஃபாரட் அளவில் மின்னைத் தேக்குகிறது. 5 மீட்டர் வயருக்கு 500. சுருளின் சொந்தக் கணக்கில் ஒரு 100 சேர்த்தால் 600. இதை வைத்து ஒத்ததிர்வைக் கணக்கிட்டால் 2.4 ஹென்றிப் பிக்கப் 4,200 ஹெர்ட்ஸ் பக்கம் எழும்புகிறது, 4.4 ஹென்றி 3,100 பக்கம், 8 ஹென்றி 2,300 பக்கம். அந்த மேட்டைத் தாண்டியதும் ஒலி சரசரவென்று இறங்கிவிடும்.

பிக்கப்பின் முகம் என்பது பெரும்பாலும் இந்த மேடு எங்கே இருக்கிறது, எவ்வளவு கூர்மையாக இருக்கிறது என்பதுதான். 4,000க்கு மேல் இருந்தால் கண்ணாடி உடைகிற தெளிவு. 3,000 பக்கம் என்றால் குரல்போல் நடுவாந்திரம். 2,300 என்றால் தடித்த, கொஞ்சம் மூக்கடைத்த பேச்சு. சுற்றைக் கூட்டக் கூட்டச் சத்தம் ஏறுகிறது, மேடு கீழே சரிகிறது. ஒன்று வேண்டுமென்றால் இன்னொன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். கடைப்பெட்டி இதைச் சொல்வதில்லை.

இப்போது மேடைக்குத் திரும்பி வயரைப் பார்க்கலாம். கிட்டார்க்காரர் 5 மீட்டர் வயரை எடுத்துவிட்டு 10 மீட்டர் வயர் மாட்டினால் 2.4 ஹென்றிப் பிக்கப்பின் மேடு 4,200இலிருந்து 3,100க்கு இறங்கிவிடும். பிக்கப்புக்கு ஒரு பைசா செலவில்லாமல் ஸ்ட்ராட்டின் கீச்சு தணிந்து இரட்டைச் சுருளின் இடத்துக்கு வந்துவிடுகிறது! தலைகீழான கொடுமையும் உண்டு. சின்ன மேடைகளில் கிட்டாரை நேராக மிக்சரின் லைன் சாக்கெட்டில் செருகிவிடுவார்கள். அதன் உள்தடை 10 கிலோ ஓம் அளவில்தான் இருக்கும். பிக்கப்பின் 80 கிலோ ஓம் மறிப்பைத் தாண்டி வரும் மேற்சுரங்கள் அந்தக் குழியில் விழுந்தால் எழுந்து வராது. ஒலி போர்வை போர்த்தியதுபோல் கேட்கும், பழி பிக்கப்பின் தலையில் விழும். நடுவில் ஒரு டிஐ பாக்ஸோ, கிட்டாருக்கென்றே செய்த எஃபெக்ட் பெடலோ இருந்தால் இந்தச் சங்கடம் தீரும்.

கிட்டாருக்குள்ளேயே இருக்கும் வால்யூம் கன்ட்ரோலும் இந்தக் கூட்டாளிகளில் ஒருவர். ஒற்றைச் சுருளுக்கு 250 கிலோ ஓம், இரட்டைச் சுருளுக்கு 500 என்பது வழக்கம். 250 மாட்டிய கிட்டாரில் இரட்டைச் சுருளைப் பொருத்தினால் மேட்டின் முனை மழுங்கிவிடும். சிலருக்கு அந்த மழுங்கலே பிடிக்கும்.

இனி உறுமல். கிட்டார்க்காரர் கம்பியைத் தொட்டதும் அடங்கிய பாதிக்கும், திரும்பி நின்றதும் குறைந்த பாதிக்கும் காரணம் வேறு வேறு. மேடையில் இருக்கும் மனித உடம்பு ஒரு ஏரியல். சுற்றியுள்ள மின்வயர்களின் மின்புலத்தை அது வாங்கிக் கிட்டாரின் உள்வயர்களுக்கு ஊட்டுகிறது. கம்பிகள் பிரிட்ஜ் வழியாக எர்த்தோடு சேர்ந்திருப்பதால், தொட்டதும் உடம்பும் எர்த்தாகிறது, இரைச்சல் அடங்குகிறது. இந்த நோய்க்குப் புதுப் பிக்கப் மருந்தல்ல. முகப்புத் தகட்டைக் கழற்றி, உள்குழியில் செப்புத் தாள் ஒட்டி, அதை எர்த்தில் சேர்த்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

திரும்பினால் குறைந்தது காந்தப்புலம். ஜெனரேட்டர், டிரான்ஸ்ஃபார்மர், தறி மோட்டார் எல்லாம் விநாடிக்கு 50 முறை காந்தப்புலத்தை முன்னும் பின்னும் புரட்டிப் போடுகின்றன. ஃபாரடேயின் விதிக்குக் கம்பி, தறி என்ற பேதம் கிடையாது. மாறும் புலம் எதுவானாலும் சுருள் கேட்கும். இதைச் செப்புத் தாள் தடுக்காது. தடுக்க ஒரு சாமர்த்தியம் வேண்டும்.

அந்தச் சாமர்த்தியத்தைக் கிப்சன் நிறுவனத்துக்குச் செய்துகொடுத்தவர் செத் லவர். 1955இல் விண்ணப்பித்த காப்புரிமையில் அவர் இரண்டு சுருள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்றின் சுற்று வலம் என்றால் மற்றதன் சுற்று இடம். காந்த முனையும் அப்படியே: ஒன்றில் வடக்கு, மற்றதில் தெற்கு. வெளியிலிருந்து வரும் உறுமலுக்குச் சுற்றின் திசை மட்டுமே கணக்கு. ஆகவே இரண்டு சுருள்களிலும் எதிரெதிராகப் பிறந்து ஒன்றையொன்று அடித்துக்கொள்கிறது. கம்பியின் ஒலிக்கோ சுற்றும் காந்த முனையும் சேர்ந்து கணக்கு. இரண்டு முறை தலைகீழானால் நேராகிவிடும். ஒலி கூடுகிறது, உறுமல் கழிகிறது. இந்த இரட்டைச் சுருளுக்கு வைத்த ஹம்பக்கர் என்ற பெயருக்கே உறுமலை எதிர்த்து நிற்பது என்றுதான் பொருள். காப்புரிமை வரும்வரை ‘விண்ணப்பித்துள்ளது’ என்ற ஸ்டிக்கர் ஒட்டிய அந்தக் காலத்துப் பிக்கப்புகளுக்கு இன்று தங்க விலை. 1959இல் காப்புரிமை கிடைத்தபிறகு ஒட்டிய ஸ்டிக்கரில் இருந்தது கிட்டார் கலைஞர் லெஸ் பாலின் கம்பி தாங்கி ஒன்றுக்குக் கொடுத்த எண். போட்டிக்காரர்களைக் குழப்பவா, குமாஸ்தாவின் கைத்தவறா என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

பிரிட்ஜில் இரட்டைச் சுருளை மாற்றிப் பொருத்தியதற்கு உலகமறிந்த உதாரணம் கிட்டார் கலைஞர் எடி வான் ஹேலன். ஸ்ட்ராட்டின் வளைவும் கிப்சனின் தடித்த ஒலியும் ஒரே கருவியில் வேண்டும் என்று, கிப்சன் கிட்டார் ஒன்றின் இரட்டைச் சுருளை எடுத்து ஸ்ட்ராட் வடிவ உடம்பின் பிரிட்ஜில் வைத்தார். 1978இல் வெளிவந்த அவருடைய குழுவின் முதல் தட்டின் பல பாட்டுகளில் கேட்பது அந்த ஒட்டுக் கிட்டார்தான். படங்களில் பிக்கப் சாய்ந்திருப்பதைப் பார்த்து அலங்காரம் என்று நினைப்பவர்கள் உண்டு. அது அளவுப் பிரச்சினை. கிப்சன் பிக்கப்பின் முனைகள் முதலிலிருந்து ஆறாவது வரை 50 மில்லிமீட்டருக்குள் அடங்கும். ஸ்ட்ராட்டின் பிரிட்ஜில் கம்பிகள் அதைவிட அகன்று ஓடுகின்றன. சாய்த்து வைத்தால் கம்பிகளும் முனைகளும் ஓரளவு நேருக்கு நேர் வரும். இன்று 53 மில்லிமீட்டர் அகலத்தில் தனி ரகமே கிடைக்கிறது. வாங்குமுன் ஸ்கேலை எடுத்து முதல் கம்பிக்கும் ஆறாவது கம்பிக்கும் இடையே அளந்துகொள்வது நல்லது.

தன் பிக்கப்பை வான் ஹேலன் உருகிய மெழுகில் முக்கியெடுத்தார். காரணம் காயில் கட்டுகிறவருக்குச் சொல்லாமலே புரியும். சுற்றுகள் தளர்ந்திருந்தால் ஸ்பீக்கர் ஒலியில் அவையே நடுங்கி வீல் என்று கத்தும். மோட்டாருக்கு வார்னிஷ், பிக்கப்புக்கு மெழுகு. லண்டனில் அப்பாவோடு சேர்ந்து 1963இல் கிட்டார் செய்யத் தொடங்கிய கலைஞர் பிரையன் மே, கடையில் வாங்கிப் பொருத்திய பர்ன்ஸ் பிக்கப்புகளுக்குள் மெழுகுக்குப் பதில் ஊற்றியது நம்மூர் ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும் அரால்டைட்.

காந்தத்தைப் பற்றிய பேச்சுத்தான் கடைகளில் அதிகம். சேலத்திலிருந்து ஓமலூருக்கு ரயிலில் வந்தால் நடுவே மேக்னசைட் ஜங்ஷன் என்று ஒரு நிலையம் வரும். அந்தப் பெயருக்குக் காரணமான வெள்ளைக்கல்லைக் காந்தம் இழுக்காது. ஆனாலும் மேக்னட், மேக்னசைட் இரண்டு பெயரும் மேக்னீசியா என்ற ஒரே கிரேக்க இடப்பெயரிலிருந்து வந்தவை. காந்தம் இழுக்கும் கல் சேலத்துக்குத் தென்மேற்கே கஞ்சமலையில் இருக்கிறது. மேக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடு. பிக்கப்பில் செராமிக் என்று சொல்லும் ஃபெரைட் காந்தமும் இரும்பு ஆக்சைடை மூலப்பொருளாக வைத்துச் சுட்டெடுப்பதுதான். ஆல்னிகோ வேறு குலம். அலுமினியம், நிக்கல், கோபால்ட் மூன்றின் முதலெழுத்துகளைச் சேர்த்த பெயர். அந்த உலோகக் கலவை வரிசைக்கு வழி திறந்தவர் 1931இல் ஜப்பானின் தொகுஷிச்சி மிஷிமா.

ஆல்னிகோ இனிமை, செராமிக் கரகரப்பு என்பது பாதிக் கதை. செராமிக் வலுவானது, மலிவானது. அதனால் அதைச் சுற்று கூடிய ‘ஹாட்’ பிக்கப்புகளில் அதிகம் வைக்கிறார்கள். கேட்பவர் பழியைக் காந்தத்தின்மேல் போடுகிறார். வலுவான காந்தத்துக்கு ஒரு தொல்லை நிஜமாகவே உண்டு. கம்பிக்கு மிக அருகில் வந்தால் அது கம்பியையே இழுத்துப் பிடிக்கும். சுருதி கோணும், சுரம் சீக்கிரம் செத்துவிடும். கழுத்தோரத்தில் இது மோசம். குதிரையருகே கம்பி விறைப்பாக நிற்பதால் அவ்வளவாகத் தெரியாது.

கம்பியை இழுத்து வாசிப்பவருக்கு இன்னொரு கவலை. கிட்டாரில் கர்நாடக இசை வாசிக்கும் பிரசன்னாவைக் கேட்டவர்களுக்குத் தெரியும், கமகம் என்பது கம்பிமேல் வழுக்கியும் கம்பியை இழுத்தும் பிறக்கிறது. உ. ஸ்ரீநிவாஸ் நான்கு ஜோடிக் கம்பி மாண்டலினை விட்டுவிட்டு, ஐந்து ஒற்றைக் கம்பிகள் கொண்ட கெட்டி உடம்பு மின்மாண்டலினுக்குப் போனதும் இந்தக் கமகத்துக்காகத்தான் என்று சொல்லலாம். சாதாரண மாண்டலினில் மீட்டியவுடன் அணைந்துவிடும் சுரத்தை, அணையும் நேரத்திலும் கேட்கும்படி ஏந்திக்கொண்டது பிக்கப். கம்பியைப் பக்கவாட்டில் இழுத்தால் அது தன் காந்த முனையைவிட்டு விலகி, அடுத்த முனைக்கும் இதற்கும் நடுவே தொங்குகிறது. சத்தம் லேசாகத் துவளும். ஆறு தனித்தனி முனைகளுக்குப் பதில் ஒரே நீளமான எஃகுப் பட்டை வைத்த ‘ரெயில்’ வகைப் பிக்கப்பில் இந்தத் துவளல் இல்லை. ராகம் இழைப்பவருக்கு, சினிமாப் பாட்டில் நாகஸ்வரத் துணுக்கைக் கிட்டாரில் கொண்டுவர வேண்டியவருக்கு, இது பெட்டியில் அச்சிட்ட எந்த எண்ணையும்விட முக்கியம்.

அப்படியானால் அந்த ஆடி மாத மேடைக்கு எது?

ஒற்றைச் சுருள் குழியிலேயே உட்காரும் சிறிய இரட்டைச் சுருள், ரெயில் வகை, 4 முதல் 5 ஹென்றிக்குள் ஒன்று. மரத்தைக் குடைய வேண்டாம். 8 ஹென்றி ரகம் வேண்டவே வேண்டாம். ஒரே இரவில் மெலடி, டப்பாங்குத்து, பக்திப் பாட்டு என்று தாவுகிறவருக்கு அந்தத் தடித்த குரல் இரண்டாவது பாட்டிலேயே சலித்துவிடும். பேட்டரி போட்ட ஆக்டிவ் வகைக்கு நீளமான வயரைப் பற்றிக் கவலையில்லை என்ற சிறப்பு உண்டு. ஆனால் அதன் 9 வோல்ட் பேட்டரி, பெட்டிக்கடைகூட மூடிய நள்ளிரவில்தான் தீரும்.

பொருத்தும்போது வயர் நிறத்தில் ஏமாறக் கூடாது. செமோர் டங்கனில் சிக்னல் வருவது கறுப்பில், பச்சை எர்த்துக்கு, சிவப்பும் வெள்ளையும் ஒன்றோடொன்று. டிமார்ஜியோவில் சிக்னல் சிவப்பில், பச்சை எர்த்துக்கு, கறுப்பும் வெள்ளையும் ஒன்றோடொன்று. ஒன்றின் படத்தை வைத்து மற்றதைச் சோல்டர் செய்தால் பிக்கப் ஊமையாகிவிடும், அல்லது மெலிந்து ஒலிக்கும். முடித்தபின் ஸ்க்ரூடிரைவர் நுனியால் பிக்கப்பை லேசாகத் தட்டினால் ஸ்பீக்கரில் ‘டக்’ என்று கேட்க வேண்டும். பிறகு புதுப் பிக்கப்பும் பழைய நடுப் பிக்கப்பும் சேர்ந்து ஒலிக்கும் ஸ்விட்ச் நிலைக்கு வந்து மீட்ட வேண்டும். ஒலி உள்ளீடற்றுப் பொக்கையாக இருந்தால் இரண்டும் எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன. நான்கு வயர் பிக்கப்பில் சிக்னல் வயரையும் எர்த்துக்குப் போன வண்ண வயரையும் இடம் மாற்றினால் சரியாகிவிடும். உறையில்லாத வெற்று வயர் மட்டும் எர்த்திலேயே இருக்க வேண்டும்.

எர்த் என்றதும் ஒரு வார்த்தை. கம்பியைத் தொடும் விரல் ஆம்ப்ளிஃபையரின் எர்த்தோடு சேர்ந்திருக்கிறது. பந்தல் லைனில் எர்த் இல்லாமலோ, மூன்று முள் பிளக்கின் தடித்த முள்ளை ஒடித்தோ ஓட்டும் மேடையில் மைக்கும் கிட்டாரும் இரண்டு வேறு மின்னழுத்தத்தில் நிற்கக்கூடும். 1972இல் பிரிட்டனின் ஸ்வான்சியில் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, சரியாக எர்த் செய்யாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்தார். உறுமலை நிறுத்த எர்த் வயரைத் துண்டிக்கும் வைத்தியத்தை யார் சொன்னாலும் கேட்க வேண்டாம்.

காசு எடுத்து வைக்குமுன் ஒரே ஒரு வேலை பாக்கி. பிக்கப்பின் இரு ஓரங்களிலும் இருக்கும் திருகுகளைப் பாருங்கள். கடைசி ஃப்ரெட்டில் கம்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, பிக்கப் முனைக்கும் கம்பிக்கும் இடைவெளியை அளந்து பாருங்கள். தடித்த கம்பிப் பக்கம் 2 மில்லிமீட்டர், மெல்லிய பக்கம் 1.6 என்ற அளவில் தொடங்கி, அரைச் சுற்று ஏற்றியும் இறக்கியும் ஒரு மணி நேரம் வாசித்துப் பாருங்கள். மாற்ற நினைத்த பிக்கப் பலருக்கு இதிலேயே பிடித்துப்போய்விடும்.

அப்படியும் மாற்றுவதென்றால், கழற்றிய பழையதைத் தூக்கிப் போட வேண்டாம். அதன் வயரைக் குட்டையாக நறுக்காமல், எந்த நிறம் எங்கே இருந்தது என்று ஒரு சீட்டில் எழுதிச் சுற்றி வையுங்கள். வைக்கும் இடம் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் இல்லாமல் இருக்கட்டும். இன்னொரு வலுவான காந்தம் எதிர்முகமாக நெருங்கினால் ஆல்னிகோ தன் வலுவை எளிதில் இழந்துவிடும்.